இரவு 2 மணிக்கு உங்கள் சேர்வர் என்ன செய்கிறது?

கேள்வி - பதில்: இம்முறை முழுக்க முழுக்க பேக்கப்

கே: மாமா, பேக்கப் ஸ்கிரிப்டை நான் கையால் ஓட்டினால் ஓடுகிறது. கிரோனில் போட்டால் அசையுதில்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை?
(கணனிப் பொறுப்பாளர், வெள்ளவத்தை)

ப: நீங்கள் ஓட்டும்போது உங்கள் பாதை, உங்கள் கடவுச்சொல் கோப்பு, நீங்கள் நிற்கும் அடைவு எல்லாம் கூடவே வருகின்றன. நேரம் பார்த்து வேலைகளை ஓட்டும் கிரோன் வெறுங்கையோடு வரும். எந்தக் கட்டளையையும் முழுப் பாதையோடு எழுதுங்கள். கிரோனுக்கு உங்களைத் தெரியாது, தம்பி.

கே: கோப்பின் பெயரில் திகதி சேர்த்தேன். முனையத்தில் அருமை. கிரோனில் பாதி வரியோடு படுத்துவிடுகிறது.
(மாணவர், கொட்டாஞ்சேனை)

ப: வரியில் % இருக்குமே! கிரோன் அட்டவணையில் % வந்தால் வரி அங்கேயே முறிந்துவிடும். மிச்சம் கட்டளைக்கு உள்ளீடாகப் போய்விடும். முன்னால் ஒரு பின்சாய்கோடு போடுங்கள். அதைவிட நல்லது, திகதியை ஸ்கிரிப்டுக்குள் வைப்பது. கிரோன் வரி சாமர்த்தியம் காட்டும் இடமல்ல.

கே: தினமும் தவறாமல் பேக்கப் கோப்பு உருவாகிறது. அளவு 20 பைட். சுருக்கம் அவ்வளவு நல்லதா?
(டியூட்டரி நிர்வாகி, வெள்ளவத்தை)

ப: ஒன்றுமே இல்லாததை ஜிசிப் சுருக்கினால் சரியாக 20 பைட் வரும். ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள், வெறுமையைக் காண்பீர்கள்.

நடந்தது இதுதான். தரவைக் கொட்டவேண்டிய கட்டளை முதல் வினாடியிலேயே விழுந்துவிட்டது. அநேகமாகக் கடவுச்சொல் பிழை. குழாயின் மறுமுனையில் நின்ற ஜிசிப், வந்த வெறுமையைச் சுருக்கிவிட்டு ‘வெற்றி’ என்று அறிவித்தது. பாஷில் குழாயின் கடைசிக் கட்டளை சொல்வதுதான் முழு வரியின் தீர்ப்பு. ஸ்கிரிப்டின் தலையில் ‘பைப்ஃபெயில்’ போடுங்கள். நேற்றைய அளவையும் இன்றைய அளவையும் ஒப்பிடச் சொல்லுங்கள். நேற்று 400 எம்பி, இன்று 20 பைட் என்றால் யாராவது அலறவேண்டும்.

கே: அலற ஏற்பாடு இருக்கிறது, மாமா. தோல்வி என்றால் மின்னஞ்சல் வரும். இதுவரை ஒன்றுகூட வரவில்லை!
(அதே டியூட்டரி)

ப: அதுதான் எனக்குப் பயம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்துப் பொறியியலாளர் ஒருவர் களைத்துப்போன நேரத்தில் பிழையான சேர்வரில் டேட்டாபேஸ் அடைவை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிபி. ‘பரவாயில்லை, பேக்கப் இருக்கிறது’ என்று தேடினால் கிண்ணம் காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுத்த கருவி 9.2 பதிப்பு. ஒவ்வொரு நாளும் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது.

தோல்வி மின்னஞ்சல்களும் ஒழுங்காகத்தான் புறப்பட்டன. ஆனால் சரியான கையொப்பம் இல்லை என்று வாங்கும் சேர்வர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஐந்து வகைப் பாதுகாப்பு வைத்திருந்தார்கள், ஐந்தும் நம்பும்படி வேலை செய்யவில்லை. ஒருவர் வேறு தேவைக்காக ஆறு மணித்தியாலத்துக்கு முன் தற்செயலாக எடுத்த கணநேரப் பிரதிதான் காப்பாற்றியது.

ஆகவே தோல்விக்கு மின்னஞ்சல் கேட்காதீர்கள். வெற்றிக்குக் கேளுங்கள். காலையில் வெற்றிச் செய்தி வராவிட்டால் எழும்பி ஓடுங்கள்.

கே: கிட்லாப் நடந்ததை மறைக்கவில்லையா?
(அதே டியூட்டரி, விடமாட்டார் போல)

ப: இல்லை. மீட்பு வேலையையே யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. நம்மூரில் சேர்வர் விழுந்தால் முதலில் விழுவது தொலைபேசி.

கே: நம் அரசாங்கத்துக்கே பேக்கப் இல்லாமல் போனதாமே, உண்மையா?
(ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், வெள்ளவத்தை)

ப: உண்மை, ஐயா. 2023 ஓகஸ்ட் 26 அளவில் லங்கா அரசாங்க மேகக்கணிமையில், கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் ரான்ஸம்வேர் புகுந்தது. அரசாங்க மின்னஞ்சல் கணக்குகள் ஏறத்தாழ 5,000 மாட்டிக்கொண்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம்.

சேவையைச் சில மணித்தியாலங்களில் எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனவைதான். வலையமைப்போடு இணைந்திருந்த பேக்கப்பையும் தாக்கியவர்கள் பூட்டிவிட்டார்கள். கழற்றி வைத்த பிரதி அந்த மூன்று மாதத்துக்கு இல்லை. ஒரு நாடு மூன்று மாதம் எழுதிய கடிதத்தை மறந்துவிட்டது.

கே: குற்றம் யாருடையது? தாக்கியவனுடையதா, அரசாங்க மேகத்தை நடத்திய இக்டாவினுடையதா?
(சட்ட மாணவி, கொட்டாஞ்சேனை)

ப: குற்றம் தாக்கியவனுடையது. நட்டத்தின் அளவைத் தீர்மானித்தது நாம். அந்த மின்னஞ்சல் 2013 பதிப்பு எக்ஸ்சேஞ்சில் ஓடியது. அதற்கான மைக்ரோசொஃப்ட் ஆதரவு 2023 ஏப்ரல் 11 அன்றே முடிந்துவிட்டது. புதுப்பிக்க 2021 முதலே திட்டம் இருந்தது, பணத் தட்டுப்பாட்டாலும் இயக்குநர் சபையின் முந்திய முடிவுகளாலும் தாமதமானது என்று இக்டாவே சொன்னது. சம்பவத்துக்குப் பிறகு தினமும் கழற்றி வைக்கும் பிரதி எடுப்போம் என்றார்கள்.

இதற்கு இரண்டு வருடம் முன்பே, 2021 ஜூலையில், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவு அதே மேகத்தில் அழிந்து, விசாரணை சிஐடி வரை போனது. மருந்துப் பதிவுகள், பிள்ளை! நாம் விழுங்கும் குளிசையின் கோப்புகள். அந்த அடி போதாமல் இன்னொரு அடி வாங்கியதுதான் எனக்குக் கோபம்.

கே: கப்பம் கட்டினால் தரவு திரும்ப வருமா?
(வியாபாரி, புறக்கோட்டை)

ப: கள்ளன் தரும் ரசீதுக்கு எந்த நீதிமன்றத்தில் வழக்குப் போடுவீர்கள்?

கே: ஸ்கிரிப்டைக் கிரோனின் ‘தினசரி’ அடைவில் போட்டுவிட்டேன். உரிமையும் சரி, எழுத்தும் சரி. ஆனால் ஒருநாளும் ஓடவில்லை. உபுண்டு.
(சேர்வர் பராமரிப்பாளர், பம்பலப்பிட்டி)

ப: பெயரின் கடைசியில் ‘.எஸ்எச்’ வைத்திருப்பீர்கள். அந்த அடைவுகளை ஓட்டும் கருவி, பெயரில் புள்ளி இருந்தால் கண்டுகொள்ளாது. பிழைச் செய்தியும் தராது. புள்ளியை எடுங்கள்.

கே: விண்டோஸில் நோட்பேடில் எழுதி லினக்ஸ் சேர்வரில் ஏற்றினேன். ‘மொழிபெயர்ப்பி இல்லை’ என்கிறது. பாஷ் இருக்கிறதே!
(பயிலுநர், தெகிவளை)

ப: பாஷ் இருக்கிறது. வரியின் முடிவில் விண்டோஸ் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் இருக்கிறது. அதோடு சேர்த்துத் தேடினால் எங்கே கிடைக்கும்? வரிமுடிவை யூனிக்ஸ் முறைக்கு மாற்றிப் பிறகு ஏற்றுங்கள்.

கே: கிரோன் அட்டவணையைத் திருத்தப் போனேன். விரல் வழுக்கி ‘ஈ’க்குப் பதிலாக ‘ஆர்’ அழுத்திவிட்டேன்.
(அதே பயிலுநர்)

ப: திருத்துவதற்கு ஒரு எழுத்து, முழுவதையும் அழிப்பதற்குப் பக்கத்து எழுத்து. ‘நிச்சயமா?’ என்றும் கேட்காது. அந்த வடிவமைப்பை நான் மன்னிக்கவில்லை. அட்டவணையைத் தனிக் கோப்பில் எழுதி வைத்து அங்கிருந்து ஏற்றுங்கள். பேக்கப் அட்டவணைக்கும் பேக்கப் வேண்டும்.

கே: பேக்கப்பைத் திருப்பி ஏற்றினால் மாணவர் பெயரெல்லாம் ????? என்று வருகிறது. ஆங்கிலப் பெயர் மட்டும் சுகமாக இருக்கிறது.
(பாடசாலைக் கந்தோர், கொட்டாஞ்சேனை)

ப: தமிழ் யூனிகோட் குறியீடு ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8இல் 3 பைட். எடுக்கும்போதோ ஏற்றும்போதோ இணைப்பு லத்தீன்-1 என்று பேசியிருக்கிறது. லத்தீன்-1க்குத் தமிழ் தெரியாது. தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டது.

முதலில் பேக்கப் கோப்பைத் திறந்து பாருங்கள். உள்ளே தமிழ் இருந்தால் பிழைத்தீர்கள், ஏற்றும் இணைப்பை யூடிஎஃப்8எம்பி4 ஆக்கினால் போதும். கோப்புக்குள்ளேயே கேள்விக்குறி என்றால் பெயர்கள் அதில் இல்லை. எந்தத் தந்திரமும் திருப்பித் தராது. பழைய சேர்வர் உயிரோடு இருந்தால் இன்றே போய் மறுபடி எடுங்கள், இடாப்பை எரிக்காமல் வைத்திருங்கள். ஒரு பிள்ளையின் பெயர் ஐந்து கேள்விக்குறி ஆவதை நான் சும்மா விடமாட்டேன்.

கே: விண்டோஸ் பவர்ஷெல்லில் > போட்டு மைஎஸ்கியூஎல் பேக்கப் எடுக்கிறேன். ஏற்ற மறுக்கிறது.
(மென்பொருளாளர், வெள்ளவத்தை)

ப: பவர்ஷெல் அந்தக் கோப்பை யூடிஎஃப்-16 ஆக்கி எழுதியிருக்கும். > குறியை விட்டுவிட்டு, கோப்பின் பெயரை மைஎஸ்கியூஎல் கருவியிடமே ‘ரிசல்ட்-ஃபைல்’ தெரிவில் கொடுங்கள். கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். கையேட்டை யார் படிக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் படிக்கிறேன்.

கே: இரவு 2 மணிக்கு என்று போட்டேன். கடை திறக்கும் நேரம் பார்த்து சேர்வர் மூச்சுவாங்குகிறது.
(நகைக்கடைக் கணக்காளர், செட்டியார் தெரு)

ப: சேர்வரின் மணிக்கூடு கிரீன்விச்சில் இருக்கிறது. அதன் 2 மணி நமக்குக் காலை 7.30. நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்றுங்கள், கிரோனையும் மறுபடி தொடக்குங்கள்.

மாற்றும்போது ஒன்று: ‘கிரீன்விச்சோடு ஐந்தரை கூட்டு’ என்று ஸ்கிரிப்டில் கையால் எழுதாதீர்கள். இலங்கை 1996 மேயில் ஆறரைக்கும், அதே ஒக்டோபரில் ஆறுக்கும் போய், 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடப் பதிவுகளை ஒரே கணக்கால் கூட்டியவர்கள் குறைந்தது அரை மணித்தியாலம் பிழைவிட்டார்கள்.

கே: முதலாளி ராகுகாலத்தில் பேக்கப் எடுக்கக்கூடாது என்கிறார்.
(அதே கணக்காளர்)

ப: ராகுகாலம் பகலை எட்டாகப் பிரித்து வருவது. இரவு 2 மணிக்கு அவருக்கு ஆட்சேபம் இருக்காது. சொல்லுங்கள், மகிழ்ச்சியாகக் கையெழுத்து வைப்பார்.

கே: எங்களிடம் எஸ்கியூஎல் சேர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. பேக்கப் அட்டவணை போடும் இடத்தைத் தேடித் தேடிக் களைத்துவிட்டேன்.
(அதே தெரு, வேறு கடை)

ப: கிடைக்காது. அந்தப் பதிப்பில் வேலை நேரம் பார்க்கும் ஏஜென்ட் இல்லை. பேக்கப் கட்டளையை ஒரு கோப்பில் எழுதி, விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரிடம் கொடுங்கள். ‘ஆள் உள்நுழையாவிட்டாலும் ஓட்டு’ என்ற தெரிவை அழுத்த மறக்காதீர்கள். மறந்தால், காசாளர் கணனியிலிருந்து வெளியேறும் நாளெல்லாம் பேக்கப்பும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

கே: அதைச் செய்தேன். இப்போது இசட் டிரைவைக் காணவில்லை என்கிறது. நான் பார்த்தால் இருக்கிறது!
(அவரே, அடுத்த நாள்)

ப: இசட் டிரைவ் நீங்கள் உள்நுழையும்போது உங்களுக்காக வரையப்படும் குறுக்குவழி. ஆளில்லாமல் ஓடும் வேலைக்கு அது இல்லை. வலையமைப்புப் பாதையை முழுதாக எழுதுங்கள். அடுத்த கேள்வியையும் இப்போதே சொல்கிறேன்: கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் ஷெட்யூலரிலும் மாற்றுங்கள்.

கே: மின்வெட்டு நேரத்தில் பேக்கப் தவறினால் அடுத்த நாள்தானா?
(கொமியூனிகேஷன் கடை, வெள்ளவத்தை)

ப: சாதாரண கிரோன் தவறிய வேலையைத் திரும்பிப் பார்க்காது. அனாகிரோன் பார்க்கும். சிஸ்டம்டி டைமரில் ‘பெர்சிஸ்டன்ட்’ என்று போட்டால் அதுவும் பார்க்கும்.

நம் ஊருக்கு இது அவசியம். உலக பேக்கப் தினம் மார்ச் 31. 2022இல் அதே மார்ச் 31 அன்று நமக்கு 13 மணித்தியால மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடே இருண்டது. யூபிஎஸ் வாங்குங்கள். மின்கலம் தீருமுன் டேட்டாபேஸை ஒழுங்காக மூடும் கட்டளையையும் அதோடு இணையுங்கள். குரங்கு முன்னறிவித்தல் தராது.

கே: இரண்டு டிஸ்க்கை ரெயிடில் இணைத்திருக்கிறேன். பேக்கப் எதற்கு?
(அச்சகம், கொட்டாஞ்சேனை)

ப: வண்டிக்கு இரட்டைச் சில்லு பூட்டினால் ஒன்று வெடித்தாலும் ஓடும். வண்டியைக் களவெடுத்தால் எத்தனை சில்லு மிஞ்சும்?

கே: எல்லாமே கூகுள் டிரைவோடு தானாக ஒத்திசைகிறது. நிம்மதி!
(கணக்காய்வாளர், பம்பலப்பிட்டி)

ப: நீங்கள் அழித்தால் அங்கேயும் ஒத்திசைந்து அழியும். ரான்ஸம்வேர் பூட்டினால் பூட்டிய கோப்பும் ஒத்திசையும். பழைய பதிப்புகள் சில நாள் கிடக்கும், அதுதான் உங்கள் நிம்மதியின் ஆயுள்.

கே: ஏழு நாளுக்கு மேற்பட்ட பேக்கப்பை ஸ்கிரிப்ட் தானாக அழிக்கிறது. சரிதானே?
(மருத்துவ ஆய்வுகூடம், வெள்ளவத்தை)

ப: புதியது வெற்றியா என்று பார்த்தபிறகு அழிக்கிறதா, பார்க்காமலே அழிக்கிறதா? பார்க்காமல் என்றால், எட்டு நாள் தொடர்ந்து தோற்றதும் உங்கள் ஸ்கிரிப்டே கடைசி நல்ல பிரதியைத் தின்றுவிடும். எதிரி வெளியிலிருந்து வரத் தேவையில்லை. ஏழு நாள், நாலு வாரம், பன்னிரண்டு மாதம் என்று அடுக்கி வையுங்கள். பிழை நுழைந்தது பங்குனியில், கண்டுபிடித்தது ஆனியில் என்றால் ஏழு நாள் எந்த மூலைக்கு?

கே: பேக்கப் டிஸ்க்கை சேர்வருக்குப் பக்கத்திலேயே வைத்தால் என்ன? கையெட்டும் தூரம் வசதி.
(கட்டட ஒப்பந்தக்காரர், கொட்டாஞ்சேனை)

ப: நெருப்புக்கும் அதே வசதி. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு நிலையம் எரிந்தது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். ஒருவர் வழக்குப் போட்டு வென்றார். நட்டஈடு கிடைத்தது, தரவு கிடைக்கவில்லை.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். இதை எழுதிப் பரப்பியவர் பீட்டர் குரோ என்ற புகைப்படக்காரர். கொட்டாஞ்சேனைக் கந்தோரின் பிரதி வெள்ளவத்தையில் தங்கையின் அலுமாரியில் இருக்கட்டும். மரீன் டிரைவ் பக்கம் என்றால் உப்புக் காற்றுப் படாமல் உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

கே: தரவு அளவுக்கு மீறிப் பெரிது. பேக்கப் எடுக்க முடியாது என்கிறார்கள்.
(அரச ஊழியர், கொழும்பு)

ப: தென்கொரியாவிலும் அப்படித்தான் சொன்னார்கள். 2025 செப்டெம்பர் 26 அன்று தெஜோனில் தேசியத் தரவு நிலையம் எரிந்தது; லித்தியம் மின்கல நெருப்பு. அரச ஊழியர்களின் ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட் சாம்பல். பெரியது என்பதால் வெளியே பிரதி இல்லை. இப்போது அது பெரியதாக இல்லை.

கே: ஏன் எல்லாம் வார இறுதியிலேயே நடக்கிறது?
(அவரே)

ப: நாட்காட்டியைப் பார்த்தேன். அரசாங்க மேகம் தாக்கப்பட்டது சனி, பாணந்துறைக் குரங்கு ஞாயிறு, தெஜோன் நெருப்பு வெள்ளி இரவு. போயா நாளுக்கும் ஒருவரை ‘அழைத்தால் வருபவர்’ என்று நியமியுங்கள். மேலதிகக் கொடுப்பனவு கொடுங்கள், முணுமுணுக்காமல்.

கே: பேக்கப்பால் பிழைத்த சினிமா ஏதும் உண்டா?
(பள்ளி மாணவி, வெள்ளவத்தை)

ப: டோய் ஸ்டோரி 2, கண்ணு. 1998இல் பிக்சாரில் ஒருவர் அழிக்கும் கட்டளையைப் பிழையான இடத்தில் ஓட்ட, பெரும்பகுதி மறைந்தது. பேக்கப்பும் பழுது. கலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை செய்தவர். அவர் வீட்டுக் கணனியில் பிரதி இருந்தது. ஒரு தாயின் வீட்டுக் கணனி ஒரு ஸ்டூடியோவைக் காப்பாற்றியது.

கே: கணனிக்கு முந்திய தமிழருக்கு இந்தப் புத்தி இருந்ததா?
(தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை)

ப: இருந்தது, ஐயா. ஓலை செல்லரிக்கும் என்று தெரிந்து தலைமுறைக்குத் தலைமுறை படியெடுத்தார்கள். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஒப்பிட்டுப் பார்த்தார் என்பதைக் கவனியுங்கள். பிரதி எடுத்ததோடு நிற்கவில்லை.

பிறகு 1981இல், மே முடிந்து ஜூன் பிறந்த இரவில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள். வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் அதில். இதில் எனக்குப் பகிடி வராது. 2005இல் நூலகம் என்ற இணைய நூலகம் தொடங்கி, ஈழத்து நூல், சஞ்சிகை, பத்திரிகை என்று ஒவ்வொன்றாக ஸ்கான் செய்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய மலர் கிடந்தால் அவர்களிடம் கொடுங்கள்.

கே: சட்டம் ஏதும் கட்டாயப்படுத்துகிறதா?
(மருத்துவ ஆய்வுகூடம், மறுபடி)

ப: 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படியுங்கள். நோயாளியின் இரத்தப் பரிசோதனை அவருடையது, நீங்கள் காவலர். பேக்கப் பிரதியும் தரவுதான், மேசை லாச்சியில் எறியக்கூடாது.

கே: கடைசியாக எப்போது திருப்பி ஏற்றிப் பார்க்கவேண்டும்?
(பலர்)

ப: ‘கடைசியாக’ என்று ஒரு நாள் கிடையாது. மாதம் ஒருமுறை, வேறொரு கணனியில், ஸ்கிரிப்ட் எழுதாத ஒருவரைக் கொண்டு. மணிக்கூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்: எத்தனை மணித்தியாலம்? பிறகு எண்ணச் சொல்லுங்கள்: நேற்றைய கடைசி பில் இருக்கிறதா, கூட்டுத்தொகை பொருந்துகிறதா, தமிழ்ப் பெயர் தமிழாக இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் உங்களிடம் பேக்கப் இருக்கிறது. அதுவரை இருப்பது கோப்பு.

கே: எங்கள் பேக்கப் மறைகுறியாக்கப்பட்டது. திறவுகோல் சேர்வரிலேயே பத்திரமாக இருக்கிறது.
(ஏற்றுமதி நிறுவனம், கொட்டாஞ்சேனை)

ப: சேர்வர் போனால் திறவுகோலும் போகும், பிரதி கையில் இருந்தும் நீங்களே உங்களுக்கு ரான்ஸம்வேர். அச்சடித்து இரண்டு உறையில் போடுங்கள். ஒன்று வங்கிப் பெட்டகத்துக்கு, ஒன்று முதலாளி வீட்டுக்கு. வங்கி மூன்று மணிக்கு மூடிவிடும், கெதியாய் வெளிக்கிடுங்கோ.